டயர் உரசுது, பெரியப்பா

கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி என்றால் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கும். விடியற்காலையில் கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊர் முக்கில் நின்றாலும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளைப் பார்க்கலாம். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் ஏறி உட்காருவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியாக இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறைப் பக்கம் வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புவார்கள். அந்த ஜீப்புகளின் அடியில் குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் கட்டில் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகவே இருக்கும். பாரம் ஏறினாலும் வண்டி உட்காரக் கூடாது என்பதற்காக. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது சரியில்லைதான். ஆனால் மலைக்கு வண்டி எப்படி நிற்க வேண்டும் என்பது அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

அந்த ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்த என் தம்பி மகன், தன் காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான்.

இப்போது இளவட்டங்களிடம் இது ஒரு மோகம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்கூட நுழையக் கூடாதாம். அகலமான டயர், பெரிய அலாய் வீல், பதுங்கின புலி மாதிரி வண்டி. உள்ளதைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மதுரையில் வேலை பார்க்கிறான், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பழைய கார். அதை அவன் ஆசைப்படி வைத்துக்கொண்டதில் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "டயர் உரசுது பெரியப்பா. முன்னாடி, இடது பக்கம்" என்றான்.

எனக்கு இந்த வாசகம் புதிதில்லை. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். இரவு வண்டியை விட்டுவிட்டுப் போகும் ஓட்டுநர்கள் குறைப் புத்தகத்தில் எழுதும் வரிகளில் அதுவும் ஒன்று: "முன் டயர் உரசுகிறது." அப்போதெல்லாம் நாங்கள் டயரைப் பார்க்க மாட்டோம், தகரத்தையும் பார்க்க மாட்டோம். நேராகக் கீழே படுத்து ஸ்பிரிங் கட்டைத்தான் பார்ப்போம். மெயின் பட்டை முறிந்திருக்கும். அந்தப் பக்கம் பாடி இறங்கி டயரில் உட்கார்ந்திருக்கும். அல்லது சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். உரசல் என்பது வேறு எங்கேயோ நடந்த ஒன்றின் அடையாளம். உரசும் இடத்தில் தகரத்தை வெட்டி அனுப்பினால் சத்தம் நின்றுவிடும். முறிந்த பட்டை முறிந்தபடியே மலை ஏறும்.

"எப்படா உரசுது?" என்று கேட்டேன்.

"போடிமெட்டுல ஏறும்போது ஒண்ணும் இல்ல. இறங்கும்போதுதான். அதுவும் நாலு பேரு இருந்தா. வலது பக்கம் ஒடிச்சுத் திரும்பும்போது கரகரன்னு சத்தம் வருது."

இந்த ஒரு பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்கிறது, முன்பக்கம் லேசாகிறது. இறக்கத்தில் பாரம் முன்னே வருகிறது. பிரேக் மிதித்தால் மூக்கு இன்னும் அமுங்குகிறது. வலது பக்கம் ஒடித்தால் பாரம் முழுக்க இடது முன் சக்கரத்தில் வந்து உட்காருகிறது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம், பிரேக், முழு ஒடிப்பு, ஆள் பாரம் ஆகிய நான்கும் ஒரே நொடியில் சேரும் இடங்கள் அவை. தேனி பைபாஸில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் இந்தச் சத்தம் வராது.

அவன் ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறான். "உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தா சரியாயிரும்" என்று சொல்லி, கொஞ்சம் வெட்டியும் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தம் குறைந்ததாம். "ஆனா டயர்ல ஒரு கோடு மாதிரி விழுந்திருக்கு" என்றான்.

அந்தக் கோடுதான் என்னை எழுப்பியது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரோட்டில் படும் பரப்பில் இல்லை. அதற்கு மேலே, டயரின் தோளும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், கத்தியால் கீறினது போல நீளமாக ஓடியிருந்தது. பிளாஸ்டிக் இருந்தவரை டயர் பிளாஸ்டிக்கில் உரசியது. அதை வெட்டி எடுத்ததும் நேராக மட்கார்டுத் தகரத்தின் உள்மடிப்பில் போய் உரசுகிறது. தகர விளிம்பு உரசினால் சத்தம் குறைவு, வெட்டு அதிகம்.

கார் டயரைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ரேடியல் டயரில் ஸ்டீல் பெல்ட் இருப்பது ரோட்டில் படும் பரப்புக்கு அடியில்தான். பக்கச் சுவரில் கிடையாது. அங்கே ரப்பரும் நூல் அடுக்கும்தான். ஆணி ஏறினால் நடுப்பகுதிக்குப் பஞ்சர் போடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டு கிடையாது. அதிலும் கொண்டை ஊசி வளைவில், பாரம் முழுக்கத் தாங்கி நிற்கும் சக்கரம் அது.

"எப்ப மறுபடி மலைக்குப் போற?" என்றேன்.

"அக்காவைக் கூட்டிட்டு வரணும்ல. அடுத்த வாரம் வளைகாப்பு."

என் தம்பி மகளைப் பூப்பாறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏலத்தோட்டக் குடும்பம். ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து, தலைப் பிரசவத்துக்குப் போடிக்கு அழைத்து வர வேண்டும். போகும்போது பையன் தனியாகப் போவான். வரும்போது அம்மா, அக்கா, அத்தை, அவன் என்று நாலு பேர், பலகாரக் கூடைகள், பெட்டிகள். இறக்கம். உரசுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே பயணத்தில்.

"வாடகைக்கு வண்டி வச்சுக்கலாம்" என்றாள் என் மனைவி. அவனுக்கு முகம் வாடிவிட்டது. அக்காவைத் தன் காரில் அழைத்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. "ஒரு வாரம் இருக்குல்ல, பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் வேலையை ஆரம்பித்தோம். முதலில் எங்கே உரசுகிறது என்று சந்தேகம் இல்லாமல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மட்கார்டின் உள்மடிப்பிலும் மிச்சம் இருந்த பிளாஸ்டிக்கிலும் தடவினேன். காருக்குள் நாலு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றினோம், 200 கிலோ. ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடித்து, இடது முன் சக்கரத்தை மட்டும் ஒரு மரக்கட்டை மேல் மெல்ல ஏற்றி இறக்கச் சொன்னேன். இரண்டு தடவை. அப்புறம் டயரைப் பார்த்தால் வெள்ளையாகப் பட்டை விழுந்திருந்தது, அந்தக் கோட்டின் மேலேயே. சக்கரத்தின் பின்பாதி, கதவைப் பார்த்த பக்கம். வலது பக்கம் திரும்பும்போது இடது சக்கரத்தின் பின்விளிம்பு வெளியே வரும். அது நேராக மடிப்பில் போய் முட்டுகிறது.

அடுத்தது ஏன் முட்டுகிறது என்பது. இதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

முதலாவது டயர். கம்பெனியில் வந்த அளவு 185/65 ஆர் 15. அவன் போட்டிருந்தது 205/55 ஆர் 16. இந்த எண்களில் முதலாவது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிப் பார்த்தால் பழைய டயரின் மொத்த விட்டம் சுமார் 622 மில்லிமீட்டர், புதியது 632. பத்து மில்லிமீட்டர் உயரம் கூடுதல், இருபது மில்லிமீட்டர் அகலம் கூடுதல். கேட்க அற்பமாக இருக்கும். மட்கார்டுக்குள் இருக்கும் இடமே விரல்கணக்குத்தான்.

இரண்டாவது அலாய் வீல். ரிம்மின் உட்பக்கம் 'ஈடி' என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 45 இருக்க வேண்டிய இடத்தில் 35 போட்டால் சக்கரம் பத்து மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. பார்வைக்கு வண்டி விரிந்து நிற்கும். திரும்பும்போது அந்தச் சக்கரம் பெரிய வட்டம் அடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஜாக்கியில் தூக்கியபோதே 'டங்' என்று ஒரு சத்தம். சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங் லொடலொடவென்று அதன் கிண்ணத்தில் ஆடியது. புது ஸ்பிரிங் போட்டு இறக்கவில்லை. இருந்த ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, கம்ப்ரஸர் மாட்டி ஸ்பிரிங்கை எடுத்தேன். (கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றும் வேலையை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.) உள்ளே பார்த்தால் பம்ப் ஸ்டாப்பர் பாதிதான் இருந்தது. மீதியை வெட்டிவிட்டார்கள்.

பம்ப் ஸ்டாப்பர் என்பது ஷாக் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர்க் கட்டை. விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வண்டியைச் செய்தவன் வைத்த காவல்காரன் அது. சக்கரம் எவ்வளவு மேலே வந்தாலும் பாடியைத் தொடுவதற்கு முன்னால் அதைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வண்டியை ஐம்பது மில்லிமீட்டர் இறக்கியதும் சக்கரம் மேலே வர மிச்சம் இருந்த இடம் கொஞ்சம்தான். வண்டி எப்போது பார்த்தாலும் ஸ்டாப்பரில் போய் 'தட் தட்' என்று இடித்திருக்கும். சவாரி கெட்டுப்போகிறது என்று ஸ்டாப்பரை வெட்டியிருக்கிறார்கள். காவல்காரன் போனதும் டயர் தாராளமாகத் தகரம் வரை போய் வருகிறது.

"ஸ்பிரிங் இப்ப ரொம்ப டைட்டா இருக்குன்னு சொன்னாங்களே பெரியப்பா" என்றான். அதுவும் உண்மைதான். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரையை வெட்டினால் மிச்சம் நாலரை; கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் சக்கரம் மேலே வரும் தூரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடினம் கூடியது, போன தூரத்துக்கு ஈடாகாது. நம் ரோட்டுக்கு அந்தத் தூரம்தான் வேண்டும்.

வேகத்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி, சாதாரண வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அகலம் இருந்தால் தாழ்ந்த காரும் மெல்ல ஏறி இறங்கிவிடும். நம் ஊர்த் தெருக்களில் அதே உயரத்தை இரண்டு முழத்துக்குள் கட்டி வைத்துவிடுகிறார்கள். தரையிலிருந்து 160 மில்லிமீட்டர் இருந்த காரை 110 ஆக்கிக்கொண்டு, அதிலும் நாலு பேரை ஏற்றினால், அடிவயிறு தட்டாமல் என்ன செய்யும்?

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். காரைத் தாழ்த்தும் பழக்கத்துக்குப் பேர் போனது அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்குள்ள மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். 1958இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ரிம்மின் கீழ் விளிம்பை விட வண்டியின் எந்தப் பாகமும் தாழ்வாக இருக்கக் கூடாது என்று. அடுத்த ஆண்டே ரான் அகீரே என்பவர் தன் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். நிற்கும்போது தாழ்த்திக்கொள்ளலாம், வேண்டும்போது உயர்த்திக்கொள்ளலாம். தாழ்ந்த காருக்குப் பேர் வாங்கினவர்களே அதை உயர்த்த வழி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். அதுவும் அகலமான நகரத்து வீதிகளில். "நீ போடிமெட்டுக்கு வெட்டின ஸ்பிரிங்கை மட்டும் நம்பிப் போற" என்றேன். சிரித்தான்.

நம் ஊர்ச் சட்டமும் இதில் கண்டிப்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. போடிமெட்டு தாண்டினால் கேரளா. அங்கே சோதனையில் இதைக் கவனிப்பார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

இனி வைத்தியம். உரசலுக்கு மலிவிலிருந்து விலை வரை பல வழிகள் உண்டு. மட்கார்டு மடிப்பைச் சூடு காட்டி மடக்கி விடலாம். சூடு காட்டாமல் சுத்தியலால் தட்டினால் பெயிண்ட் வெடித்து, மழைக்காலத்தில் துரு ஏறும். ஸ்டாப்பருக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்துச் சக்கரம் மேலே வருவதைக் குறைக்கலாம். உரசாது, ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பு ஒடியும். ஏழு மாதக் கர்ப்பிணிக்கு அது ஆகாது. டயரை 195/55 ஆர் 16 ஆக்கினால் விட்டம் பழைய கணக்குக்கு வந்துவிடும்; வெளியே தள்ளிய ரிம் அப்படியேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "முடிவு நீ எடு. வண்டி உன்னுது" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டேன். அதட்டி வாங்குகிற சம்மதம் மதுரை போய்ச் சேருவதற்குள் மாறிவிடும்.

அரைமணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். போனில் நண்பர்களோடு பேசினான். கடைசியில் வந்து, "பழைய ரிம் மாடிப்படிக்குக் கீழதான் கெடக்கு பெரியப்பா. ஸ்பிரிங் மட்டும் புதுசு வாங்கணும்ல?" என்றான்.

ஆமாம், புதிதுதான் வாங்க வேண்டும். வெட்டின ஸ்பிரிங்கை வெல்டு வைத்து ஒட்டினால் சூட்டில் அதன் பதம் போய்விடும். எப்போது முறியும் என்று தெரியாது. கம்பெனி ஸ்பிரிங் ஜோடியும், பம்ப் ஸ்டாப்பர் ஜோடியும், உள் பிளாஸ்டிக் ஒன்றும் மதுரையிலிருந்து வாங்கி வந்தான். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

பழைய டயர்களைப் புரட்டிப் பார்த்தேன். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். இரண்டு டயர்கள் வயதாகி, பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு புதிது வாங்கினோம். கோடு விழுந்த அந்த டயரை இனி எந்த வண்டியிலும் போடக் கூடாது என்று நானே அரிவாளால் வெட்டி வைத்தேன். இல்லாவிட்டால் யாராவது ஸ்டெப்னி ஆக்கிவிடுவார்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தோம். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். இறக்கி வைத்திருந்த நாட்களில் முன் டயர்கள் இரண்டும் உட்பக்க ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன; அவன் கவனிக்கவே இல்லை. அப்புறம் மறுபடி சுண்ணாம்பு, சிமெண்ட் மூட்டை, மரக்கட்டை. டயர் கறுப்பாகவே இருந்தது.

வளைகாப்பு நல்லபடி முடிந்தது. நானும் போயிருந்தேன். திரும்பும்போது முன்சீட்டில் என்னை உட்கார வைத்தான். இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறக்கினான். முதல் வளைவில் அவன் காது முழுக்க இடது சக்கரத்தில்தான் இருந்தது, நான் பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது வளைவுக்குப் பிறகு தோள் தளர்ந்தது. பின்சீட்டில் கண்ணாடி வளையல் சத்தமும், அத்தை யாரையோ பற்றிப் பேசுவதும் தவிர வேறு சத்தம் இல்லை. முந்தல் வந்து சமவெளி தெரிந்தபோது தம்பி மகள் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எதிரே வேலைக்குப் போயிருந்தவர்களை ஏற்றிவரப் போகும் காலி ஜீப் ஒன்று, கூடுதல் பட்டை கிடுகிடுக்க, மலை ஏறிப் போனது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காரில் டயர் உரசினால், திட்ட வேண்டாம். எப்போது உரசுகிறது, எத்தனை பேர் இருக்கும்போது, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று மூன்று கேள்வி கேளுங்கள். டயரின் பக்கச் சுவரை உள்ளும் வெளியும் தடவிப் பாருங்கள். பம்ப் ஸ்டாப்பர் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் யாராவது பிளாஸ்டிக்கை வெட்டுகிறேன் என்று கத்தியை எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

அலாய் வீல் நாலையும் பாதி விலைக்கு மதுரையில் ஒரு பையனிடம் விற்றுவிட்டான். "அவன் வண்டி எங்க ஓட்டுறான்?" என்று கேட்டேன். "அவனுக்கு மலைப் பக்கமே சோலி இல்ல பெரியப்பா, கேட்டுட்டுத்தான் கொடுத்தேன்" என்றான்.